பெயர் சொல்லி அழைத்தல்



தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில், ‘வா என்பது ஓரெழுத்து ஒருமொழி’ என்று கூறுகிறார். அதனைக் கேட்டு எந்த மாணவனும் எழுந்து அவரிடம் போவதில்லை. அதே ஆசிரியர் அடுத்த நொடியில் ஒரு மாணவனைப் பார்த்து, ‘வா’ என்கிறார். அவன் உடனே எழுந்து போகிறான். சொல் ஒன்றே. முதலில் அஃது ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக நின்றது. பின்னர் ஏவலாக நின்றது. இவ்வேற்றுமையை நமக்கு யாரும் தனியே கற்பிக்கவில்லை; கேட்ட மாத்திரத்தில் உணர்ந்துகொள்கிறோம். கணிப்பொறிக்கு அவ்வுணர்வு கிடையாது. அதற்கென்று நாம் எழுதும் நிரலில், ஒரு சொல் ஏவலா அன்றி வெறும் எழுத்துத் தொடரா என்பதை நாமே வரையறுத்துச் சொல்லவேண்டும். சாதாரணமாக இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் வெறும் எழுத்துத் தொடராக வந்து சேர்ந்த ஒரு பெயரை, நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே எடுத்து, ஏவலாக மாற்றுகின்ற முறை ஒன்று உண்டு. நிரலாளர் அதனை ரிஃப்ளெக்ஷன் என்பர். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

ரிஃப்ளெக்ஷன் என்னும் சொல்லுக்குக் கண்ணாடியில் உருவம் தெரிவது என்பது ஒரு பொருள். நிரல் தன்னைத் தானே நோக்கி, ‘என்னிடம் என்னென்ன உறுப்புக்கள் இருக்கின்றன? அவற்றின் பெயர்கள் யாவை?’ என்று வினவி விடை பெறுவதால் இப்பெயர் வந்தது. தமிழில் தன்னோக்கு எனலாம். தமிழ் மொழியின் இலக்கணத்தைத் தமிழிலேயே எழுதிவைத்த மரபில் வந்த நமக்கு, ஒரு மொழி தன்னைப் பற்றித் தானே பேசுவது புதுமையாகத் தோன்றவேண்டியதில்லை.

பொருள்நோக்கு நிரலாக்கம் இன்று பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெற்றுவிட்டமையால், அதனை மிக விரித்துரைக்க வேண்டுவதில்லை. நார்வே நாட்டில், ஆஸ்லோ நகரத்துக் கணிப்பு நிலையத்தில், ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் சிமுலா என்னும் மொழியை ஆக்கினர். 1967-இல் உருப்பெற்ற அதன் இரண்டாம் வடிவமே இனக்குழு, பொருள் என்னும் கருத்துக்களுக்குத் தாயகம். இனக்குழு என்பது அச்சு. பொருள் என்பது அந்த அச்சில் வார்த்தெடுத்தது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய செய்திகளையும் தனக்குரிய தொழில்களையும் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கும். அத்தொழில்களை மெதட் என்பர். நான் செயற்கூறு என்றே சொல்லிச் செல்கிறேன்.

நூலகக் கணக்கை வைத்திருக்கும் நிரலில் ‘புத்தகம்’ என்றோர் இனக்குழு இருப்பதாகக் கொள்வோம். ‘இரவல் கொடு’, ‘திரும்பப் பெறு’ என்பன அதன் செயற்கூறுகள். நிரலாளர் தம் நிரலில், ‘இப்புத்தகத்தை இரவல் கொடு’ என்று எழுதுகிறார். ஜாவா போன்ற மொழிகளில், கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி அதனை முன்கூட்டியே படித்து, ‘புத்தகத்திற்கு அப்படி ஒரு செயற்கூறு உண்டா? அதற்குத் தரவேண்டியவற்றைச் சரியாகத் தந்திருக்கிறாரா?’ என்று சோதித்துவிடும். எழுத்து ஒன்று பிழைபட்டிருந்தாலும் நிரலை ஏற்காது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிழை அகப்பட்டுவிடும். இது பெரிய காவல். இக்காவலின் அருமையை நாம் சற்று நேரத்தில் காண்போம்.

வானொலி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இன்ன நேரத்தில் இன்ன இசைத்தட்டு என்று நிகழ்ச்சி நிரல் முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தால், அறிவிப்பாளர் அதன்படி வைத்துக்கொண்டே போகலாம். இசைத்தட்டு இல்லை என்ற இடர்ப்பாடு வர வழியில்லை; நிரலை வகுத்தபொழுதே தட்டு இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். ஆனால் நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சி அவ்வாறன்று. எங்கோ ஓர் ஊரிலிருந்து அஞ்சலட்டை வருகிறது. அதில் ஒரு பாட்டின் பெயர் இருக்கிறது. அது வரும் வரை இன்ன பாட்டைக் கேட்பார்கள் என்று நிலையத்தார் யாருக்கும் தெரியாது. பெயரை எடுத்துக்கொண்டு இசைத்தட்டுப் பட்டியலிடம் போகிறார்கள். பட்டியலில் இருந்தால் தட்டை எடுத்துச் சுழலவிடுகிறார்கள். இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கவேண்டும். நிகழ்ச்சி நிரலில் எழுதிய பாட்டு, நிரல்பெயர்ப்பி சோதித்த அழைப்புக்கு ஒப்பு. அஞ்சலட்டையில் வந்த பாட்டு, தன்னோக்கின் வழியே நிகழும் அழைப்புக்கு ஒப்பு.

இனி, ஜாவா மொழியில் இவ்வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லுகிறேன். வானொலியில் கரும்பலகை இல்லை; ஆகையால் செவியாலேயே பின்தொடர வேண்டுகிறேன்.

ஜாவாவில் ஒவ்வோர் இனக்குழுவுக்கும், அவ்வினக்குழுவைப் பற்றிய செய்திகளையெல்லாம் தாங்கிய ஒரு பொருள் உண்டு. அதற்குக் கிளாஸ் என்றே பெயர். ‘புத்தகம்’ என்னும் எழுத்துத் தொடரைக் கொடுத்து, ‘இப்பெயருடைய இனக்குழுவைக் கொண்டுவா’ என்று கேட்பது முதற்படி. அதற்கு உதவும் செயற்கூறு ஃபார்நேம். அது கிளாஸ் பொருளைக் கொண்டுவந்து தரும். இரண்டாவதாக, அக்கிளாஸ் பொருளிடம், ‘இரவல் கொடு’ என்னும் எழுத்துத் தொடரையும், அச்செயற்கூறு எவ்வகை அளபுருக்களை ஏற்கும் என்பதையும் கூறி, அச்செயற்கூற்றைக் கேட்கவேண்டும். கெட்மெதட் என்பது இதற்கு உரியது. விடையாக வருவது செயற்கூற்றின் பயன் அன்று. செயற்கூறே ஒரு பொருளாக வடிவெடுத்து நம் கைக்கு வருகிறது. இன்னும் எந்தப் புத்தகமும் இரவல் போகவில்லை. மூன்றாவதாக, இன்வோக் என்னும் செயற்கூற்றின் வழியே, எந்தப் புத்தகத்தின்மீது இத்தொழில் நிகழவேண்டும் என்பதைக் காட்டி ஏவவேண்டும். அப்பொழுதே தொழில் நடைபெறுகிறது. முன்பு கூறிய இலக்கண வகுப்பில், ‘வா என்பது ஓரெழுத்து ஒருமொழி’ என்பது இரண்டாம் படி. ‘வா’ என்று அழைப்பது மூன்றாம் படி.

இம்மூன்று படிகளிலும் வழுக்கி விழ இடமுண்டு. அப்பெயருடைய இனக்குழு இல்லாமற் போகலாம். இனக்குழு இருந்து, செயற்கூறு இல்லாமற் போகலாம். செயற்கூறு இருந்து, வெளியார் அழைக்கக் கூடாதென்று அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, உள்ளே சென்ற பிறகு தொழில் தவறலாம். ஜாவா மொழி இந்நான்கையும் வேறு வேறு விதிவிலக்குகளாகப் பிரித்து அறிவிக்கிறது. கடைசியில் சொன்னதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள். உள்ளே நேர்ந்த பிழையை அது அப்படியே தருவதில்லை; ‘அழைத்த இடத்தில் பிழை’ என்றோர் உறைக்குள் இட்டுத் தருகிறது. உறையைப் பிரித்துப் பார்க்காமல், மேலே எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு நெடுநேரம் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

இம்முறை ஜாவாவில் பிறந்ததன்று. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் குழுமத்தின் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் ஆக்கிய ஸ்மால்டாக் மொழியில் பெர்ஃபார்ம் என்றொரு செய்தி உண்டு. அலன் கே, டான் இங்கல்ஸ் முதலியோரின் படைப்பு அம்மொழி. பெர்ஃபார்ம் என்பதோடு ஒரு பெயரைக் கொடுத்தால், அப்பெயருடைய செயற்கூற்றை அப்பொருள் நிகழ்த்தும். அப்படி ஒன்று தன்னிடம் இல்லையென்றால், ‘எனக்குப் புரியவில்லை’ என்று அப்பொருள் தானே விடையிறுக்கும். ரிஃப்ளெக்ஷன் என்னும் கருத்துக்கு முறையான இலக்கணம் வகுத்தவராக பிரையன் கான்ட்வெல் ஸ்மித் என்பவரைக் கூறுவர். அவர் 1982-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் அளித்த ஆய்வேடு இதனையே பொருளாகக் கொண்டது. ஒரு நிரல் தன் நடையைத் தானே நோக்கவும், நோக்கியபடி அதனைத் திருத்தவும் வல்லதாகுமா என்பது அவர் ஆய்ந்த வினா. அது தத்துவ வினாவும் ஆகும். ஆனால் 1997 பிப்ரவரியில் ஜாவாவின் 1.1 பதிப்பு வெளிவந்தபோது இம்முறையை அதில் சேர்த்தவர்களுக்குத் தத்துவ நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறர் எழுதிய உறுப்புக்களைப் படம் போலத் திரையில் வைத்து இணைக்கும் கருவிகளை அவர்கள் உருவாக்க விரும்பினர். அவ்வுறுப்புக்கள் இன்னின்ன இயல்புகள் உடையன என்பதைக் கருவியானது கேட்டு அறிந்துகொள்ளவேண்டும். அதற்காக ஒரு மரபை ஏற்படுத்தினார்கள். ஓர் இயல்பைப் படிக்கும் செயற்கூற்றின் பெயர் கெட் என்றும், மாற்றும் செயற்கூற்றின் பெயர் செட் என்றும் தொடங்கவேண்டும் என்பது அம்மரபு. இதனை மறந்துவிடாதீர்கள், இதனால் விளைந்த தீங்கு ஒன்றைப் பின்னர்ச் சொல்லப்போகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லவேண்டும். அதே 1997-இல் ஸூரிக் நகரிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு ஒரு மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த விமானத்தில், கென்ட் பெக், எரிக் காமா என்னும் இரு நிரலாளர் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்து ஒரு சிறு நிரலை எழுதினர். அதுவே ஜேயூனிட். பிற நிரல்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்கும் நிரல் அது. அதற்கு இருந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். நாளை யாரோ ஒருவர், எந்த ஊரிலோ உட்கார்ந்து, தம் நிரலுக்கான சோதனைகளை எழுதப்போகிறார். அச்சோதனைகளின் பெயர்கள் என்னவாக இருக்கும் என்பது இன்று ஜேயூனிட்டை எழுதுபவருக்குத் தெரியாது. தெரியாத பெயரை நிரலில் எழுதி அழைப்பது எங்ஙனம்? தன்னோக்கு அங்கே கைகொடுத்தது. ‘உன்னிடம் இருக்கும் செயற்கூறுகளுள் டெஸ்ட் என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் பெயருடையன எவையெவை?’ என்று இனக்குழுவையே கேட்பது; கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக ஏவுவது. அவ்வளவே. சோதனையை எழுதுபவர் எந்தப் பட்டியலிலும் எதையும் பதிவு செய்யவேண்டியதில்லை. பெயரை முறைப்படி வைத்தால் போதும்.

எளிமையும் அழகும் உடைய ஏற்பாடு இது. ஆயினும், நிரல்பெயர்ப்பியின் காவல் இங்கே இல்லாமற் போவதை நோக்குங்கள். பத்துச் சோதனைகள் எழுதிய ஒருவர், அவற்றுள் ஒன்றில் மட்டும் டெஸ்ட் என்பதில் இரண்டெழுத்தை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டார் என்று கொள்வோம். நிரல்பெயர்ப்பிக்கு அது பிழையன்று. எந்தப் பெயரும் பெயர்தானே! ஜேயூனிட்டுக்கும் அது பிழையன்று. டெஸ்ட் என்று தொடங்காத செயற்கூற்றை அது கண்டுகொள்வதில்லை. ஒன்பது சோதனைகள் நடக்கும். ஒன்பதும் வெற்றி என்று திரையில் பச்சைக் கோடு தோன்றும். பத்தாவது சோதனை நடைபெறவே இல்லை என்பதை எவரும் சொல்லார். மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரலுக்குரிய சோதனை அதுவாக இருந்தால் என்னாகும்? பிழை நேர்ந்து கூச்சல் எழுந்தால் நல்லது. ஓசையில்லாமல் விடுபட்டுப் போவதைத்தான் அஞ்சவேண்டும். 2004-இல் வந்த ஜாவாவின் 5-ஆம் பதிப்பு, செயற்கூற்றின் தலைப்பில் ஒட்டிவைக்கும் குறிப்புச் சீட்டுகளுக்கு இடந்தந்தது. 2006-இல் வந்த ஜேயூனிட்டின் 4-ஆம் பதிப்பு பெயரை நம்புவதை விட்டுவிட்டு, அச்சீட்டைத் தேடத் தொடங்கியது. சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் நிரல்பெயர்ப்பி அதனைப் பிடித்துவிடும். சீட்டையே ஒட்ட மறந்தவரை, உண்மைதான், அதுவும் காப்பாற்றாது.

வேறு இழப்புக்களும் உண்டு; அவற்றைச் சுருக்கமாகவே சொல்லிப் போகிறேன். ஒன்று வேகம். பட்டியலில் தேடுவதும், அளபுருக்களை ஒவ்வொரு முறையும் சோதிப்பதும் நேரத்தை விழுங்கும். பழைய ஜாவா இதற்கு ஒரு தந்திரம் செய்தது. ஒரு செயற்கூற்றைப் பெயரால் அழைக்கும் முதல் 15 முறை மெதுவான வழியில் சென்று, அதற்கு மேலும் அழைத்தால், ‘இவர் விடமாட்டார் போலிருக்கிறது’ என்று கருதியதுபோல, அதற்கென்றே ஒரு விரைவான நிரற்கூறைத் தானே எழுதிக்கொள்ளும். 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பில் இவ்வேற்பாடு மாறிவிட்டது. 2011-இலேயே மொழியில் நுழைந்திருந்த மெதட் ஹேண்டில் என்னும் புதிய வழியின்மேல் அது கட்டப்பட்டது. எப்படியாயினும், திரும்பத் திரும்ப நிகழும் வேலையில் பெயரைத் தேடும் படியை ஒரே முறை செய்து, கிடைத்த செயற்கூற்றுப் பொருளைப் பத்திரப்படுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மற்றோர் இழப்பு, கைப்பேசிக்கு நிரல் எழுதுவோர் அறிந்தது. நிரலின் பருமனைக் குறைப்பதற்காகச் சில கருவிகள், யாரும் அழைக்காத செயற்கூறுகளை நீக்கிவிடும். நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாகச் சுருக்கிவிடும். ‘இரவல் கொடு’ என்னும் செயற்கூறு ‘அ’ என்று ஆகிவிடும். நிரலில் நேராக அழைக்கும் இடங்களிலெல்லாம் அக்கருவியே பெயரை மாற்றிவிடுவதால் கேடில்லை. ஆனால் அஞ்சலட்டையில் எழுதி வரும் பெயரை அது எப்படி மாற்றும்? பட்டியலில் பாட்டின் பெயரை மாற்றிவிட்டார்கள். நேயர் பழைய பெயரையே எழுதுகிறார். நிரலாளரின் மேசையில் நன்றாக ஓடிய நிரல், கடைக்குச் சென்ற பிறகு முறிந்து நிற்கும். அதனால் இன்னின்ன பெயர்களைத் தொடாதே என்று கருவிக்கு ஒரு கட்டளைப் பட்டியல் எழுதித் தரவேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் நிரலாளருக்கு வரும் தொல்லைகள். இனி, பொதுமக்களைத் தாக்கிய தீங்குக்கு வருவோம். அஞ்சலட்டையை எழுதுபவர் யார் என்பதே அங்கே கேள்வி. பெயர் நம்முடைய நிரலின் வேறொரு பகுதியிலிருந்து வந்தால் ஒன்று. முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வலைப்பின்னல் வழியே வந்தால் வேறு.

ஜாவாவில் இணைய நிரல் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்துவது ஸ்பிரிங் என்னும் சட்டகம். இணையப் பக்கத்தில் ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். அப்படிவத்தில் பெயர், வயது, ஊர் என்று கட்டங்கள் உண்டு. நாற்பது கட்டங்கள் இருந்தால், அவற்றை எடுத்துப் பொருளில் இடுவதற்கு நாற்பது வரிகள் எழுதவேண்டும். அலுப்புத் தரும் வேலை. ஸ்பிரிங் அதனைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. கட்டத்தின் பெயரைப் படித்து, அதன் முன் செட் என்று சேர்த்து, அப்பெயருடைய செயற்கூற்றைத் தேடி ஏவிவிடும். முன்பு சொன்ன மரபு இதுதான். கட்டத்தின் பெயரில் புள்ளி இருந்தால், புள்ளிக்கு முன் உள்ளதைக் கெட் சேர்த்து அழைத்து, கிடைத்த பொருளின்மேல் அடுத்ததைத் தேடும். முகவரி, புள்ளி, ஊர் என்றால், முகவரியை எடுத்து அதில் ஊரை இடும். எவ்வளவு வசதி!

ஆனால் ஜாவாவில் பிறக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், நாம் எழுதாவிட்டாலும், கெட்கிளாஸ் என்றொரு செயற்கூறு பிறவியிலேயே உண்டு. முதற்படியில் நாம் கண்ட அக்கிளாஸ் பொருளைத் தருவது அது. படிவத்தில் கட்டங்களின் பெயரை எழுதி அனுப்புவது பயனரின் கணிப்பொறி அன்றோ? தீயவன் ஒருவன் வயது என்னும் இடத்தில் கிளாஸ் என்று எழுதி, அதன்பின் புள்ளி வைத்து, மேலும் மேலும் நடந்து, நிரலின் உட்கட்டுக்குள்ளேயே போய்விட முடிந்தது. இவ்வழியை 2010-இல் கண்டறிந்தனர். கிளாஸ் பொருளிலிருந்து கிளாஸ்லோடர் என்னும் உறுப்புக்குச் செல்லும் பெயரை விலக்கி, ஸ்பிரிங் அவ்வழியை அடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கதவு மூடியே இருந்தது; அல்லது மூடியிருப்பதாக நினைத்தார்கள்.

இடையில் 2017-இல் ஜாவாவின் 9-ஆம் பதிப்பு வந்தது. அது கிளாஸ் பொருளுக்குக் கெட்மாடியூல் என்றொரு புதிய செயற்கூற்றைத் தந்தது. நல்ல நோக்கத்தோடுதான் தந்தது. அந்த மாடியூல் பொருளிலிருந்தும் கிளாஸ்லோடருக்கு ஒரு வழி இருந்தது. ஸ்பிரிங் எழுதிவைத்த விலக்குப் பட்டியலில் இப்பெயர் இல்லை. இருக்கவும் வழியில்லை, 2010-இல் இப்பெயரே பிறக்கவில்லை. ஆக, ஸ்பிரிங்கில் ஒருவரி மாறாதிருந்தும், அடித்தளத்தில் ஒரு பெயர் கூடியதால், மூடிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்துகொண்டது. 2022 மார்ச்சு மாத இறுதியில் இது வெளிப்பட்டது.

அவ்வழியே நுழைந்தவர்கள் செய்த வேலையில் ஒரு கொடிய சாமர்த்தியம் இருந்தது. வழங்கி நிரலானது தன்னிடம் வருவோர் போவோரை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைப்பது வழக்கம். நுழைந்தவர்கள், அந்நாட்குறிப்பு எந்த இடத்தில், எந்தப் பெயரில், என்ன வாசகத்தோடு எழுதப்படவேண்டும் என்னும் அமைப்புக்களைப் படிவத்தின் கட்டங்கள் வழியாகவே மாற்றினர். பெயரை நிரலுக்குரிய பெயராக்கினர். வாசகத்தைத் தங்கள் நிரலின் வாசகமாக்கினர். காவற்காரன் தன் குறிப்பேட்டில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு, திருடனுக்கு வேண்டிய சாவியைத் தானே செய்து வாயிலில் வைத்துவிட்டான். அம்மாதம் 31-ஆம் நாள் வெளியிட்ட திருத்தத்தில் ஸ்பிரிங் முறையை மாற்றிக்கொண்டது. கிளாஸ் பொருளைப் பொறுத்தவரை, எதைத் தொடக்கூடாது என்று எழுதுவதை விட்டு, எதைத் தொடலாம் என்பதை மட்டும் வரையறுத்தது. பெயர் பற்றிய சில இயல்புகளைத் தவிர வேறெதற்கும் இனி அங்கே இடமில்லை.

இது நடப்பதற்கு ஐந்தாண்டு முன்பே இவ்வினத்தைச் சார்ந்த பேரிழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது. ஸ்ட்ரட்ஸ் என்னும் வேறொரு சட்டகத்தில், வெளியிலிருந்து வரும் ஓர் எழுத்துத் தொடரை, பிழைச் செய்தி ஆக்கும்போது, கணக்கிடத்தக்க கோவையாகக் கருதிவிடும் குற்றம் இருந்தது. அக்கோவையில் இனக்குழுவின் பெயரையும் செயற்கூற்றின் பெயரையும் எழுதினால், தன்னோக்கின் வழியே அவை ஏவப்படும். இதற்குரிய திருத்தம் 2017 மார்ச்சு 7-ஆம் நாள் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாறுகளைத் தொகுத்து வைக்கும் எக்விஃபாக்ஸ் என்னும் நிறுவனத்தின் ஒரு தளத்தில் அத்திருத்தம் செய்யப்படவில்லை. மே மாதத்தில் அவ்வழியே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தனர். சுமார் 14 கோடியே 70 லட்சம் மக்களின் பெயர், பிறந்த நாள், அரசு தந்த அடையாள எண் முதலியன களவு போயின. அவர்களிற் பலர் அந்நிறுவனத்தோடு நேரே எந்தத் தொடர்பும் வைத்துக்கொண்டவர்கள் அல்லர். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த நாளை மாற்றிக்கொள்ள முடியுமா?

அப்படியானால் தன்னோக்கை விலக்கிவிடலாமோ என்று நீங்கள் கேட்கலாம். விலக்க இயலாது. சோதனைக் கருவிகள், தரவுத்தளத்தோடு பொருள்களை இணைக்கும் கருவிகள், பிறர் பின்னர்ச் சேர்க்கும் உறுப்புக்களை ஏற்கும் நிரல்கள் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. ஆனால் நீங்கள் கல்லூரியில் எழுதும் நிரல்களிற் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து. கணக்குப் பொறி ஒன்றை எழுதுகிறீர்கள்; பயனர் ‘கூட்டு’, ‘கழி’ என்று தட்டுகிறார். உடனே அச்சொல்லைக் கொண்டு செயற்கூற்றைத் தேடத் தோன்றும். அது நுட்பமாகவும் தோன்றும். வேண்டாம். ‘கூட்டு’ என்றால் இது, ‘கழி’ என்றால் இது என்று, பெயரையும் தொழிலையும் இணைக்கும் ஓர் அகராதியை நீங்களே எழுதிவிடுங்கள். 2014-இல் வந்த ஜாவா 8 முதல் இதற்குச் சில வரிகளே போதும். அகராதியில் இல்லாத சொல் எதுவும் எதையும் ஏவாது. அகராதியில் உள்ளதை நிரல்பெயர்ப்பி சோதித்துவிடும். பெயர்களை முன்கூட்டியே அறிய வழியே இல்லாதபோது மட்டும் தன்னோக்கிடம் செல்லுங்கள். அப்பொழுதும், வந்த பெயர் அனுமதித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏவுங்கள்.

மொழியை ஆக்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. வெளியார் தொடாதபடி அடைத்து வைத்த உறுப்புக்களையும், செட்அக்சஸிபிள் என்னும் ஒரே சொல்லால் திறந்துவிடும் உரிமை பழைய ஜாவாவில் இருந்தது. பூட்டும் தந்து, எல்லாப் பூட்டுக்கும் பொதுச் சாவியும் தந்தது போன்றது அது. 9-ஆம் பதிப்பில் தொடங்கிய மாற்றம் 2021-இல் 16, 17-ஆம் பதிப்புக்களில் நிறைவெய்தி, ஜாவாவின் சொந்த உட்கட்டுக்கு அச்சாவி பொருந்தாதபடி செய்துவிட்டது. நிரலை இயக்குபவரே வெளிப்படையாக இன்ன அறையைத் திற என்று எழுதிக் கொடுத்தாலன்றித் திறவாது. சி பிளஸ் பிளஸ் மொழியினர் வேறு வழியை மேற்கொண்டனர். 2025 ஜூன் மாதம் பல்கேரியாவின் சோபியா நகரில் கூடிய அவர்களுடைய தரக்குழு, தன்னோக்கைத் தம் மொழியின் வரைவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது நிரல் ஓடும்போது நிகழ்வதன்று. நிரல்பெயர்ப்பி படிக்கும்போதே முடிந்துவிடுவது. அஞ்சலட்டைகளையெல்லாம் முதல்நாளே பிரித்துப் படித்து, நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டுவிடுவது போன்றது அது.

இவற்றை நேரே கண்டறிய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்லுகிறேன். ஜாவாவில் எழுத்துத் தொடருக்குரிய இனக்குழு ஸ்டிரிங். அதன் கிளாஸ் பொருளிடம் கெட்மெதட்ஸ் என்று கேட்டு, வரும் பெயர்களையெல்லாம் திரையில் அச்சிடச் செய்யுங்கள். பிறகு, விசைப்பலகையிலிருந்து ஒரு பெயரைப் பெற்று, அளபுரு இல்லாத அச்செயற்கூற்றை உங்கள் ஊரின் பெயர்மீது ஏவச் செய்யுங்கள். லெங்த் என்று தட்டினால் எழுத்தெண்ணிக்கை வரும். உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தால், அவ்வெண் நீங்கள் விரல்விட்டு எண்ணிய எழுத்துக்களைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். மெய்யும் உயிர்க்குறியும் அங்கே தனித்தனியே எண்ணப்படுகின்றன. லெங்த் என்பதில் ஓரெழுத்தை மாற்றித் தட்டினால், அப்படி ஒரு செயற்கூறு இல்லை என்னும் விதிவிலக்கு வரும். இறுதியாக, வெயிட் என்று தட்டிப் பாருங்கள். ஊரின் பெயருக்கும் காத்திருத்தலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஆனால் பட்டியலில் அப்பெயர் இருக்கும்; ஜாவாவின் மூலப் பொருளிடமிருந்து பிறவிச் சொத்தாக வந்தது அது. நிரல் அதனை ஏவவும் செய்யும். உள்ளே சென்ற பிறகே, அத்தொழிலைச் செய்ய உரிய பூட்டு உன் கையில் இல்லை என்று தவறும். அச்செய்தியை, முன்பு நான் கூறிய உறையைப் பிரித்துத்தான் நீங்கள் படிக்கவேண்டியிருக்கும்.